பிரசவத்துக்கு எந்த ஆஸ்பத்திரி? ஐந்தாம் மாதத்துக்குள் முடிவெடுக்க ஒரு முழு வழிகாட்டி

கர்ப்பம் உறுதியான வாரத்திலேயே வீட்டில் பேச்சு தொடங்கிவிடும். "அந்த டாக்டரம்மா ரொம்ப கைராசி, நம்ம வீட்டுப் பிள்ளைங்க எல்லாம் அவங்க கையிலதான் பொறந்துச்சு" என்பார் பெரியம்மா. "அங்க போனா ஆபரேஷன் பண்ணிடுவாங்க" என்பார் பக்கத்து வீட்டு அக்கா. அலுவலகத் தோழி தன் பிரசவ அறையின் படத்தை அனுப்புவார். ஓட்டல் அறை மாதிரி இருக்கும். எல்லோரும் அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஆனால் ஒரு மருத்துவமனை உங்கள் பிரசவத்துக்கு ஏற்றதா என்பதற்கு இந்தப் பேச்சுகளில் விடை கிடைக்காது.

பெரும்பாலான பிரசவங்கள் சிக்கல் இல்லாமல் முடிகின்றன. சிக்கல் வந்தால் நிமிஷக் கணக்கில் வரும். பிரசவத்துக்குப் பிறகு நிற்காத ரத்தப்போக்கு, திடீரென்று ஏறும் பிபி, குறைந்துகொண்டே போகும் குழந்தையின் இதயத்துடிப்பு, இவையெல்லாம் ஞாயிற்றுக்கிழமையா தீபாவளியா என்று பார்த்து வருவதில்லை. அதனால் யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதுதான்: ராத்திரி இரண்டு மணிக்கு அந்தக் கட்டடத்துக்குள் யார் இருப்பார்கள், என்ன இருக்கும் என்பதை விசாரித்து முடிவெடுங்கள். இந்த வழிகாட்டி முழுக்க அந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான் போகிறது. தமிழ்நாட்டில் பிரசவிக்கப் போகிறவர்களையும் அவர்கள் வீட்டாரையும் மனதில் வைத்து எழுதுகிறேன்.

படி 1: எந்த ஊர் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் வழக்கம். ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு முடிந்து பெண் அம்மா வீட்டுக்குக் கிளம்புவாள். சென்னையில் ஏழு மாதம் பார்த்த டாக்டர் ஒருவர், தென்காசியிலோ தர்மபுரியிலோ பிரசவம் பார்க்கப்போகும் டாக்டர் வேறொருவர். புது டாக்டருக்கு உங்களைப் பற்றி எதுவும் தெரியாது. முப்பத்தைந்தாவது வாரத்தில் போய் நிற்கும் பெண்ணைச் சில மருத்துவமனைகள் சேர்த்துக்கொள்ளவே தயங்கும்.

அம்மா வீட்டுக்குப் போவதில் தவறொன்றும் இல்லை. பிரசவம் முடிந்த பெண்ணுக்கு அம்மாவின் கைச்சாப்பாடும் ஓய்வும் பெரிய பலம். திட்டமிட்டுப் போங்கள், அவ்வளவுதான். ஐந்தாம் மாத ஸ்கேன் முடிந்ததும் ஒரு தடவை ஊருக்குப் போய், பிரசவம் பார்க்கப்போகும் டாக்டரைச் சந்தித்துப் பதிந்துவிட்டு வாருங்கள். அப்புறம் இடையில் இன்னொரு தடவை. எல்லா ஸ்கேன் ரிப்போர்ட்டுகளும் ரத்தப் பரிசோதனைகளும் தேதி வரிசையில் ஒரே பைலில் இருக்கட்டும். முதல் பக்கத்தில் ரத்த வகை, கடைசி மாதவிடாய் தேதி, முதல் ஸ்கேன் சொன்ன பிரசவத் தேதி, ஒவ்வாமை உள்ள மருந்து, ஏற்கெனவே நடந்த ஆபரேஷன் ஆகியவற்றைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். வலியில் துடிக்கும் பெண்ணிடம் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. கூட வந்தவர்களுக்கும் பாதி தெரியாது.

ஆனால் உங்கள் கர்ப்பம் சிக்கலானது என்று டாக்டர் சொல்லியிருந்து, அம்மா ஊரிலிருந்து பெரிய மருத்துவமனைக்குப் போக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்றால், வழக்கத்தைக் கொஞ்சம் மாற்றி அம்மாவை உங்கள் வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். இதைச் சொல்ல மாமியார் வீட்டிலும் அம்மா வீட்டிலும் சங்கடமாக இருக்கும். சங்கடப்பட்டாலும் சொல்லிவிடுங்கள்.

படி 2: உங்கள் கர்ப்பம் எந்த வகை என்று கேளுங்கள்

"என்னுடையது சாதாரண கர்ப்பமா, கூடுதல் கவனம் தேவைப்படுவதா?" என்று டாக்டரிடம் நேராகக் கேளுங்கள். மருத்துவமனையைத் தேர்ந்தெடுப்பது இந்தப் பதிலில்தான் தொடங்க வேண்டும்.

முன்பு சிசேரியன் ஆனவர்கள், பிபி அல்லது சுகர் உள்ளவர்கள், இரட்டைக் குழந்தைகள், இதய நோய், வலிப்பு, நஞ்சு (பிளசென்டா) கீழே இறங்கியிருப்பது, முன்பு குறைமாதப் பிரசவமோ குழந்தை இறந்து பிறந்ததோ நடந்திருப்பது, வயது முப்பத்தைந்துக்கு மேல், நெகட்டிவ் ரத்த வகை, கடுமையான ரத்தசோகை ஆகியவை கூடுதல் கவனம் கேட்பவை. இவற்றில் ஒன்று இருந்தாலே பயப்பட வேண்டும் என்றில்லை. வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன நர்சிங் ஹோம் போதுமா என்று மறுபடி யோசிக்க வேண்டும்.

குறிப்பாக ஒன்று. முன்பு சிசேரியன் ஆகி, இந்தத் தடவை நஞ்சு கீழே, பழைய தையலின் மேல் உட்கார்ந்திருப்பதாக ஸ்கேன் சொன்னால், அது சாதாரண மருத்துவமனைக்கான பிரசவம் இல்லை. நஞ்சு கர்ப்பப்பையோடு ஒட்டிப் போயிருந்தால் பிரிக்கும்போது பல யூனிட் ரத்தம் தேவைப்படலாம். ரத்த வங்கி, மூத்த மகப்பேறு மருத்துவர்கள், தீவிர சிகிச்சைப் பிரிவு எல்லாம் ஒரே வளாகத்தில் உள்ள மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ அதற்கு இணையான தனியார் மருத்துவமனையோதான் வேண்டும். முன்கூட்டியே அங்கே பதிந்துகொள்ளுங்கள்.

ரத்தசோகை பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே இருந்தால் கர்ப்பிணிக்கு அது ரத்தசோகை, 7-க்குக் கீழே என்றால் கடுமையானது. நல்ல அளவில் இருக்கும் பெண் தாங்கிக்கொள்ளும் ரத்தப்போக்கு, குறைவாக இருக்கும் பெண்ணின் உயிருக்கே ஆபத்தாகும். எவ்வளவு பெரிய மருத்துவமனையைத் தேர்ந்தெடுத்தாலும் இரும்புச்சத்து மாத்திரையைத் தினமும் சாப்பிடுங்கள். மாத்திரையில் ஏறவில்லை என்றால் ஊசி மூலம் ஏற்றுகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இது கிடைக்கிறது.

படி 3: அரசா, தனியாரா?

பல குடும்பங்களில் இது பணத்தைப் பொறுத்த கேள்வியாகவே பார்க்கப்படுகிறது. வசதி இருந்தால் தனியார், இல்லாவிட்டால் ஜி.எச். என்று. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. தமிழ்நாட்டில் மிகச் சிக்கலான பிரசவங்களை இரவும் பகலும் பார்த்துப் பழகிய கைகள் அரசு மருத்துவமனைகளில்தான் அதிகம். சென்னை எழும்பூரில் 1844-இல் தொடங்கிய மகப்பேறு மருத்துவமனையும் திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரியும் மதுரை ராஜாஜி மருத்துவமனையும், தனியார் மருத்துவமனைகள் கைவிரித்து அனுப்பும் பெண்களைத் தினமும் ஏற்கின்றன. கடைசி நேரத்தில் ஆம்புலன்சில் அங்கே போய்ச் சேருவதைவிட முதலிலேயே அங்கே பதிவது எவ்வளவோ மேல்.

அரசு அமைப்பில் எங்கே என்ன கிடைக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியர்கள் முறை மாற்றி இருந்து சுகப்பிரசவம் பார்ப்பார்கள். சிக்கல் இல்லாத பெண்ணுக்கு, அதுவும் முன்பு சுகப்பிரசவம் ஆனவருக்கு, இது நல்ல இடம்தான். சிக்கல் வந்தால் அங்கிருந்து எங்கே அனுப்புவார்கள், எவ்வளவு நேரம் ஆகும் என்று மட்டும் கேட்டுவையுங்கள். அதற்கு மேலே, 24 மணி நேரமும் சிசேரியன், ரத்தம், பச்சிளம் குழந்தைக்கான சிகிச்சை எல்லாம் தரும் இடங்களுக்கு சீமாங் மையம் என்று பெயர். மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள், மாவட்டத் தலைமை மருத்துவமனைகள், சில தாலுகா மருத்துவமனைகள் என்று மாநிலம் முழுக்க நூற்றுக்கும் மேற்பட்டவை உள்ளன. உங்கள் வீட்டுக்கு அருகே உள்ள சீமாங் மையம் எது என்று கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள். தனியாரில் பதிந்திருந்தாலும் இந்தத் தகவல் கையில் இருக்க வேண்டும்.

அரசு மருத்துவமனையில் பிரசவம், சிசேரியன், மருந்து, பரிசோதனை, ரத்தம், உணவு எல்லாம் இலவசம். 2011 முதல் நடைமுறையில் உள்ள மத்திய அரசுத் திட்டம் ஒன்றும் இதை உறுதிசெய்கிறது. வீட்டிலிருந்து 108-இல் வரலாம், குழந்தையோடு திரும்பிப் போக 102 தாய் சேய் ஊர்தி உண்டு. ஒவ்வொரு மாதமும் 9-ஆம் தேதி அரசு மையங்களில் கர்ப்பிணிகளுக்குச் சிறப்புப் பரிசோதனை நடக்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் பணமாக 14,000 ரூபாயும் 4,000 ரூபாய் மதிப்புள்ள ஊட்டச்சத்துப் பெட்டகங்களும் கிடைக்கும். மூன்று மாதத்துக்குள் பதிவு, எங்கே பிரசவம் என்பது போன்ற நிபந்தனைகள் உண்டு. செவிலியரிடம் முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள்.

குறைகளும் உண்டு. கூட்டம் அதிகம். ஒரே டாக்டர் தொடர்ந்து பார்க்க மாட்டார். தனியறை பெரும்பாலும் கிடைக்காது. சில இடங்களில் வலியில் கத்தும் பெண்ணை ஏசுகிறார்கள். குழந்தையைக் காட்டக் காசு கேட்கும் வழக்கம் இன்னும் முழுதாக ஒழியவில்லை. யாருக்கும் ஒரு ரூபாய்கூடத் தர வேண்டியதில்லை. கேட்டால் 104-க்கு போன் செய்து புகார் சொல்லலாம். அப்புறம், பிரசவம் முடிந்த கையோடு கருத்தடைக்கான காப்பர்-டி வைப்பது அரசு மருத்துவமனைகளில் பரவலான வழக்கம். அது நல்ல முறைதான், ஆனால் முடிவு உங்களுடையது. வேண்டுமா வேண்டாமா என்று கணவரோடு முன்பே பேசி, பரிசோதனைக்குப் போகும்போதே சொல்லி எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள் என்றால் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனையையும் பட்டியலில் சேருங்கள். தன் பெயரிலேயே ஈ.எஸ்.ஐ. உள்ள பெண்ணுக்கு முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரச் சம்பளத்தோடு விடுப்பும் அதில் உண்டு.

படி 4: ராத்திரி இரண்டு மணிக் கேள்விகள்

தனியாரோ அரசோ, இரண்டு மூன்று இடங்களைத் தேர்ந்தெடுத்து நேரில் போங்கள். வரவேற்பில் இருப்பவரிடம் கேட்டால் "எல்லாம் இருக்கு மேடம்" என்றுதான் பதில் வரும். லேபர் வார்டு ஸ்டாஃப் நர்ஸிடமோ டாக்டரிடமோ கேளுங்கள். கேட்க வேண்டியவை இவை.

இரவில் மகப்பேறு டாக்டர் உள்ளேயே தங்குகிறாரா, வீட்டிலிருந்து வருகிறாரா? வீட்டிலிருந்து என்றால் எத்தனை நிமிஷம்? பல நர்சிங் ஹோம்களில் இரவில் இருப்பது ட்யூட்டி டாக்டர் மட்டும்தான். அவர் மகப்பேறு படித்தவரா, பொது மருத்துவரா, சித்தா அல்லது ஹோமியோபதி படித்தவரா என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஏதுமில்லை.

மயக்க மருந்து டாக்டர் எங்கிருந்து வருவார்? இதைத்தான் யாரும் கேட்பதில்லை. சிறிய ஊர்களில் ஒரே மயக்க மருந்து டாக்டர் நான்கைந்து மருத்துவமனைகளுக்கு மாறி மாறிப் போவார். உங்கள் டாக்டர் பக்கத்து அறையிலேயே இருந்தாலும், மயக்க மருந்து டாக்டர் வேறோர் ஆபரேஷனில் இருந்தால் சிசேரியன் தொடங்காது. அவசர சிசேரியன் என்று முடிவெடுத்து அரை மணி நேரத்துக்குள் குழந்தையை எடுக்க முடிய வேண்டும் என்பது மருத்துவ உலகம் வைத்திருக்கும் பொதுவான இலக்கு. "முடிவு பண்ணினதிலிருந்து குழந்தையை எடுக்க இங்க எவ்வளவு நேரம் ஆகும் மேடம்?" என்று அப்படியே கேளுங்கள். நேர்மையான டாக்டர் தயங்காமல் பதில் சொல்வார்.

ரத்தம் எங்கிருந்து வரும்? பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கு தாய்மார்கள் இறப்பதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று. மருத்துவமனைக்குள்ளேயே ரத்த வங்கி இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் மிக அருகில் உள்ள ரத்த வங்கி எது, இரவில் ஆள் போய் வாங்கி வர எவ்வளவு நேரம், அவசரத்துக்கு ஓ நெகட்டிவ் ரத்தம் கையிருப்பில் வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். உங்களுக்கு அரிய ரத்த வகை என்றால் கொடையாளர்கள் இரண்டு பேரை எட்டாம் மாதத்திலேயே பேசி வையுங்கள்.

பிறந்த குழந்தைக்கு மூச்சு வராவிட்டால் யார் பார்ப்பார்? ஒவ்வொரு பிரசவத்துக்கும் குழந்தை மருத்துவர் வருவாரா, சிசேரியனுக்கு மட்டுமா? பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ளேயே இருக்கிறதா? வாசலில் 'என்.ஐ.சி.யு.' என்று பலகை இருப்பது போதாது. வென்டிலேட்டர் இருக்கிறதா, எத்தனை வாரக் குழந்தை வரை அங்கேயே பார்ப்பார்கள், அதற்குக் குறைவாகப் பிறந்தால் எங்கே அனுப்புவார்கள்? குழந்தையை ஓர் ஊருக்கும் அம்மாவை இன்னோர் ஊருக்கும் பிரித்து அனுப்பும் நிலை வந்தால், தையல் வலியோடு கிடக்கும் தாய் பாலைப் பீய்ச்சி வண்டியில் அனுப்ப வேண்டியிருக்கும். குறைமாதத்தில் பிறக்க வாய்ப்புண்டு என்று தெரிந்தால், குழந்தை வயிற்றுக்குள் இருக்கும்போதே நல்ல பச்சிளம் குழந்தைப் பிரிவு உள்ள இடத்துக்கு மாறிவிடுவது மிகப் பாதுகாப்பானது.

இதெல்லாம் கேட்ட பிறகு ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். ஒருநாள் இரவு பத்து மணிக்கு மேல் அவர்கள் கொடுத்த அவசர எண்ணுக்கு போன் செய்து, "எட்டு மாசம், உங்ககிட்டதான் பதிஞ்சிருக்கேன். வலி வந்தா நேரா எந்த வாசலுக்கு வரணும் சிஸ்டர்?" என்று கேளுங்கள். யார் எடுக்கிறார்கள், எத்தனை ரிங்கில் எடுக்கிறார்கள், தெளிவாகச் சொல்கிறார்களா என்பதே போதும். அதோடு, வலி வந்தால் போகவேண்டிய பாதையில் ஒரு தடவை வண்டியில் போய்ப் பாருங்கள். ரயில்வே கேட், சந்தை நாள், மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கும் சுரங்கப்பாதை எல்லாம் அப்போதுதான் கண்ணில் படும்.

படி 5: டாக்டரிடம் சிசேரியன் பற்றிப் பேசுங்கள்

2019–21-இல் எடுக்கப்பட்ட தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நடக்கும் பிரசவங்களில் ஏறத்தாழ 45 சதவீதம் சிசேரியன். தனியாரில் மட்டும் எடுத்தால் 64 சதவீதத்தை ஒட்டி, அரசில் 36 சதவீதம். இந்திய அளவில் இது 21.5 சதவீதம்தான். சிசேரியன் எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றும் ஆபரேஷன். தேவையே இல்லாமல் செய்தால் அடுத்த கர்ப்பத்துக்கும் அதன் சுமை போகும். ஆகவே, உங்கள் டாக்டர் எப்படி முடிவெடுப்பவர் என்பதை வலி வருவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டும்.

"இங்கே எத்தனை பேருக்கு சிசேரியன் ஆகிறது?" என்று கேட்டால் சரியான கணக்கு வராமல் போகலாம். பெரிய மருத்துவமனைகளில் சிக்கலான கேஸ்கள் அதிகம் வருவதால் அந்தக் கணக்கு தவறான முடிவுக்கும் இட்டுச் செல்லும். அதைவிட, சூழ்நிலையைச் சொல்லிக் கேளுங்கள்: "தேதி தாண்டிடுச்சுன்னா எத்தனை நாள் காத்திருப்பீங்க மேடம்?" "தண்ணி கம்மியா இருக்குன்னு ஸ்கேன்ல வந்தா என்ன பண்ணுவீங்க?" "கொடி சுத்தியிருந்தா சுகப்பிரசவம் ஆகுமா?" கடைசிக் கேள்விக்கான பதிலைக் கவனமாகக் கேளுங்கள். குழந்தையின் கழுத்தில் தொப்புள்கொடி சுற்றியிருப்பது மிகவும் சகஜம். அதை மட்டுமே காரணமாகச் சொல்லி ஆபரேஷன் என்று எட்டாம் மாதத்திலேயே நாள் குறிக்கும் டாக்டரிடம் இன்னும் இரண்டு கேள்வி கேளுங்கள், அல்லது வேறொரு டாக்டரின் கருத்தையும் வாங்குங்கள்.

தலை திரும்பாத குழந்தை என்றால், முப்பத்தாறு முப்பத்தேழு வாரத்தில் வயிற்றின் மேலிருந்தே டாக்டர் கையால் திருப்பிப் பார்க்கும் முறை உண்டு. எல்லோருக்கும் ஏற்றதல்ல, எல்லா மருத்துவமனையிலும் செய்வதுமில்லை. கேட்டுப் பாருங்கள். முன்பு சிசேரியன் ஆனவர்கள் அடுத்தது சுகப்பிரசவம் ஆக வேண்டும் என்று விரும்பினால், முயல்பவர்களில் பெரும்பாலோர்க்கு அது கைகூடுகிறது. ஆனால் பழைய தையல் பிரியும் ஆபத்து சிறிய அளவில் உண்டு என்பதால், எந்நேரமும் தியேட்டரும் ரத்தமும் தயாராக உள்ள இடத்தில் மட்டுமே முயல வேண்டும்.

நல்ல நேரம் பார்த்து சிசேரியனுக்கு நாள் குறிக்கும் பழக்கம் பற்றியும் சொல்ல வேண்டும். ஆபரேஷன் மருத்துவக் காரணத்தால் எப்படியும் தேவை, வாரமும் நிறைந்துவிட்டது என்றால், அந்த நாளில் எந்த மணி என்று பார்ப்பதால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் நட்சத்திரம் பிடிப்பதற்காக 39 வாரம் நிறைவதற்கு முன்பே எடுத்தால் குழந்தைக்கு மூச்சுத்திணறல் வரும் வாய்ப்பு கூடுகிறது. ஜாதகத்தைக் கையில் வைத்திருக்கும் தாத்தாவிடம் இதைப் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள். கணவர் சொன்னால் இன்னும் எடுபடும். கேட்டவுடன் தலையாட்டி எந்த வாரத்திலும் தேதி கொடுக்கும் மருத்துவமனையைவிட, "இப்ப வேண்டாம்மா, இன்னும் பத்து நாள் போகட்டும்" என்று மறுக்கும் டாக்டரை நான் நம்புவேன்.

படி 6: லேபர் வார்டைப் பாருங்கள்

உள்ளே விடாவிட்டால் வாசல் வரையாவது போய்ப் பாருங்கள். ஒரு கட்டிலுக்கும் அடுத்த கட்டிலுக்கும் நடுவே திரை இருக்கிறதா? கழிப்பறை பக்கத்திலேயே இருக்கிறதா, சுத்தமாக இருக்கிறதா? குழந்தையை வைக்கும் சூடான மேடை பிரசவ மேசைக்கு அருகே இருக்கிறதா? நர்ஸ் ஒருவர் ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டு அடுத்தவரைத் தொடுவதற்கு முன் கை கழுவுகிறாரா? இந்தக் கடைசி விஷயத்தைக் கவனிக்க ஐந்து நிமிஷம் நின்றால் போதும். தொற்று வராமல் பார்த்துக்கொள்ளும் மருத்துவமனையா என்பது அந்த ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

பிரசவத்தின்போது கூட ஒருவரை வைத்துக்கொள்ளலாமா என்று கேளுங்கள். பெண் விரும்பும் ஒருவர் அருகில் இருப்பது நல்லது என்று உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைக்கிறது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் பெண் துணை ஒருவரை அனுமதிக்கும் ஏற்பாடு உண்டு. கணவரை அனுமதிப்பது பெரும்பாலும் தனியாரில்தான், அதுவும் எல்லா இடத்திலும் இல்லை. அம்மாவா அக்காவா, யாரைக் கூட்டிப்போவது என்று யோசிக்கும்போது, உங்களைப் பார்த்து அழுதுவிடாமல் தைரியம் சொல்லக்கூடியவர் யார் என்று பாருங்கள்.

வலியின்போது எழுந்து நடக்க விடுவார்களா, தண்ணீர் குடிக்க விடுவார்களா, எல்லோருக்கும் கட்டாயமாக வெட்டித் தையல் போடுவார்களா, தேவைப்பட்டால்தானா? எல்லோருக்கும் வழக்கமாக வெட்டுவதை இப்போது பரிந்துரைப்பதில்லை. வலி குறைக்க முதுகில் ஊசி போடும் வசதி வேண்டுமென்றால், அது 24 மணி நேரமும் உண்டா, பகலில் மட்டுமா என்று கேளுங்கள். மறுபடியும் மயக்க மருந்து டாக்டர் விஷயம்தான்.

குழந்தை பிறந்ததும் நெஞ்சோடு சேர்த்துப் போடுவார்களா, முதல் ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுக்க உதவுவார்களா? சிசேரியன் ஆன பெண்ணுக்கும் இது முடியும். பால் சுரக்கவில்லை என்று முதல் நாளே பவுடர் டப்பா வாங்கிவரச் சொல்லும் இடமா என்று, அங்கே அண்மையில் பிரசவித்தவர்களிடம் கேளுங்கள். சேனையும் சர்க்கரைத் தண்ணீரும் வைக்கத் துடிக்கும் வீட்டுப் பெரியவர்களிடம் வேண்டாம் என்று அன்பாகச் சொல்லிப் புரியவைக்கும் நர்ஸ் இருந்தால், அந்த மருத்துவமனைக்கு நான் இன்னும் ஒரு மதிப்பெண் சேர்த்துப் போடுவேன்.

படி 7: பணம்

தனியார் மருத்துவமனையில் 'பேக்கேஜ்' என்று ஒரு தொகை சொல்வார்கள். அதில் என்ன அடங்காது என்று கேட்டு எழுதி வாங்குங்கள். பெரும்பாலும் வெளியே நிற்பவை: மயக்க மருந்து டாக்டர் கட்டணம், குழந்தை மருத்துவர் கட்டணம், ரத்தம், கூடுதல் நாட்கள், மருந்துக்கடை பில், குழந்தையின் தீவிர சிகிச்சை. கடைசியில் உள்ளதுதான் குடும்பத்தைக் கடனில் தள்ளுவது. ஒரு நாளைக்கு எவ்வளவு என்று முன்பே கேளுங்கள். சுகப்பிரசவத் தொகையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். சிசேரியன் தொகையோடு குழந்தைக்கு ஒரு வாரத் தீவிர சிகிச்சையையும் கூட்டிப் பாருங்கள். அந்தத் தொகை உங்கள் சக்திக்கு மீறியது என்றால், சீமாங் மையத்தை இரண்டாம் இடமாக இல்லாமல் முதல் இடமாகவே வைத்துக்கொள்ளலாம்.

காப்பீடு வைத்திருப்பவர்கள் பாலிசியை இப்போதே எடுத்துப் பாருங்கள். தனிநபர் பாலிசிகளில் மகப்பேறுக்குக் காத்திருப்புக் காலம் இருக்கும். கர்ப்பமான பிறகு எடுத்தால் பயன்படாது. கம்பெனி தரும் குழுக் காப்பீட்டில் பெரும்பாலும் உண்டு, ஆனால் உச்சவரம்போடு. குழந்தைக்கு முதல் நாளிலிருந்தே காப்பீடு உண்டா என்று தனியாகக் கேளுங்கள்.

படி 8: முடிவெடுத்த பிறகு

பிக்மி எண்ணை (அரசின் கர்ப்பப் பதிவு எண்) வாங்கிவிட்டீர்களா? தனியாரில் பார்ப்பவர்கள் பலர் இதை மறந்துவிடுகிறார்கள். தமிழ்நாட்டில் ஒவ்வொரு கர்ப்பமும் இதில் பதியப்பட வேண்டும். இந்த 12 இலக்க எண் இல்லாமல் குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் வாங்குவது சிரமமாகிவிடும். கிராம சுகாதார செவிலியர், நகர்ப்புற சுகாதார நிலையம், 102 உதவி எண், இணையதளம் என்று எந்த வழியிலும் பதியலாம். பைலின் முதல் பக்கத்தில் இந்த எண்ணையும் எழுதுங்கள்.

முதல் தேர்வோடு இரண்டாவது மருத்துவமனை ஒன்றையும் முடிவு செய்து, அது எங்கே இருக்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். ரத்தம் போவது, பனிக்குடம் உடைவது, கண் மங்கி வரும் கடுமையான தலைவலி, வலிப்பு, குழந்தையின் அசைவு குறைவது, காய்ச்சல் ஆகியவற்றில் எது வந்தாலும் வலி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. உடனே கிளம்ப வேண்டும்.

இடையில் மனம் மாறினால்? எட்டாம் மாதத்திலும் மாறலாம். கேள்வி கேட்டால் எரிந்து விழும் டாக்டர், ரிப்போர்ட்டைத் தர மறுக்கும் மருத்துவமனை, ஒவ்வொரு சந்திப்பிலும் காரணம் சொல்லாமல் பயமுறுத்துவது இவையெல்லாம் மாறுவதற்குப் போதுமான காரணங்கள். உங்கள் மருத்துவக் குறிப்புகளைக் கேட்டுப் பெற உங்களுக்கு உரிமை உண்டு. சண்டை போட வேண்டியதில்லை. "அம்மா ஊருக்குப் போறோம் மேடம், பைல் வேணும்" என்று சொன்னால் பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள். முப்பத்தேழாவது வாரம் தாண்டிவிட்டால், மாறப்போகும் இடத்தில் பேசிச் சம்மதம் வாங்கிய பிறகே பழைய இடத்தை விடுங்கள்.

வீடு திரும்பும் நாளில் சரிபார்க்க வேண்டியவை கொஞ்சம். பிசிஜி, போலியோ சொட்டு மருந்து, மஞ்சள்காமாலை பி தடுப்பூசி மூன்றும் போட்டாயிற்றா, தேதியோடு அட்டையில் எழுதியிருக்கிறதா? தாயின் ரத்த வகை நெகட்டிவ், குழந்தையுடையது பாசிட்டிவ் என்றால் 72 மணி நேரத்துக்குள் போட வேண்டிய ஆன்டி-டி ஊசி போட்டாயிற்றா? காது கேட்கும் பரிசோதனையும் தைராய்டு பரிசோதனையும் செய்தார்களா? டிஸ்சார்ஜ் சம்மரியில் சிசேரியனுக்கான காரணம் தெளிவாக எழுதியிருக்கிறதா? அடுத்த பிரசவத்துக்கு எங்கே போவது என்று முடிவெடுக்க அந்த ஒரு வரி தேவைப்படும்.

பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். மருத்துவமனையே அனுப்பிவிடும், ஆனால் அவர்கள் நிரப்பும் படிவத்தில் அம்மா அப்பா பெயரும் இனிஷியலும் ஆதாரில் உள்ளபடியே இருக்கிறதா என்று கிளம்புவதற்கு முன் ஒரு தடவை வாசித்துப் பாருங்கள். 2023 அக்டோபர் 1-க்குப் பிறகு பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் பாஸ்போர்ட் வரை பிறப்புச் சான்றிதழையே ஆதாரமாகக் கேட்கிறார்கள். எழுத்துப் பிழையை அன்றைக்கே திருத்துவது எளிது. பிறகு என்றால் அலுவலகம் அலுவலகமாக அலைய வேண்டியிருக்கும். குழந்தைக்குப் பெயர் இன்னும் முடிவாகாவிட்டால் அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிடுங்கள். ஓராண்டு வரை கட்டணம் இல்லாமல் சேர்த்துக்கொள்ளலாம்.